குதிகால் தையல்

மார்ச் 18, செவ்வாய்

நண்டு,

இது உன் நோட்டு. கோபித்துக்கொள்ளாதே. உன் கோச் பெர்னார்ட் சார் கிளப்பில் உன் லாக்கரைத் திறந்து இருந்ததை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஒரு துண்டு, இரண்டு கிளிப், பாதி தீர்ந்த கிரீம், இந்த நோட்டு. அட்டையில் மோனிஷா என்று எழுதிப் பக்கத்தில் நண்டு படம் போட்டிருக்கிறாய். ஒன்பது மாசத்தில் நீ நேராகத் தவழாமல் பக்கவாட்டிலேயே போவாய். அப்போது வைத்த பெயர். இருபத்திரண்டு வயசிலும் அதையே வரைந்து வைத்திருக்கிறாய்.

உன் பக்கங்களை நான் படிக்கவில்லை. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து எழுதுகிறேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து, சிரிக்காதே. வீட்டில் பேச ஆள் இல்லை. உங்கப்பா கடலுக்குப் போகிறார், வருகிறார், படுக்கிறார். மண்டைக்குள்ளேயே பேசிப் பேசி எனக்குத் தலை இடிக்கிறது.

உன் முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்து, இன்றைக்குத்தான் கிளப்புக்கு வேலைக்குப் போனேன். ஷெட்டைத் திறந்தால், நீங்கள் போட் கயிற்றைப் பிடித்துத் தண்ணி மேல் வழுக்கிப் போகிற பலகைகள் எல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தன. யாரோ வெயிலிலேயே போட்டுவைத்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்து சாத்தியிருக்கிறார்கள். பலகையில் காலை நுழைக்கிற ரப்பர் எல்லாம் முறுக்கு மாதிரி காய்ந்திருந்தது. நீ இருந்தால் கத்தியிருப்பாய். நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். உப்பங்கழியிலிருந்து வந்ததும் நல்ல தண்ணியில் கழுவணும். நிழலில் காயணும். குதிகால் ரப்பரைப் பிடித்துப் பலகையைத் தூக்கக் கூடாது. பெட்ரோல் கை படக் கூடாது. போடும்போது சோப்புத் தண்ணி ஊற்றித்தான் காலை நுழைக்கணும், வறட்டுக் காலை நுழைத்தால் விளிம்பு கிழியும். எல்லாம் மனசில் இருக்கிறது. எல்லாவற்றையும் கழுவினேன்.

உன் பலகை தகரத்துக்குப் பின்னால் சாக்கில் சுற்றியபடி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நீ சொன்னாயே, "அந்தப் பலகைய யாருக்கும் குடுக்காதம்மா" என்று. கொடுக்க மாட்டேன். சாக்கைப் பிரிக்கவும் இல்லை.

மார்ச் 19

பைப்பில் நல்ல தண்ணி வரவில்லை. ஒன்றும் கழுவவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 22, சனி

இன்று கூட்டம். கேளம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். போட் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். கேன்டீன் ஜுபைதா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, சளியா? நான் கூப்பிட்டா கேக்காம இருக்கவா?" என்றாள். சாம்பார் சாதத்தை என் மடியில் வைத்துவிட்டு, "நீ துன்னுற வரைக்கும் நான் போமாட்டேன். அங்க வடை தீயட்டும்" என்று நின்றாள். வடை தீய்ந்த வாசனை வந்தது. தின்றேன்.

போன மழைக்காலத்தில் கிளப் மூடியிருந்தபோது நீ நாலு பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாய், நினைவிருக்கிறதா? நாலும் ஒற்றைப் பலகை. இரண்டு காலையும் ஒரே பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் போவது. முன்காலுக்குக் குதிகால் வரை மூடின ரப்பர், பின்காலுக்கு வெறும் வார். நாலிலும் முன்கால் ரப்பர் விளிம்பு நகக்கண் மாதிரி கிழிந்திருந்தது. புதுசு வெளிநாட்டிலிருந்து வரணும், நாலு மாசம் ஆகும் என்றாய். "வல தைக்கிறவதானேம்மா நீ. இதத் தச்சுக் குடேன்" என்றாய்.

லாரி டியூப்பைப் பட்டையாக வெட்டினேன். பஞ்சர் சொல்யூஷன் தடவி விளிம்பு சுற்றி ஒட்டினேன். அதன் மேல் வலைநூலால் தைத்தேன். ஒரு தையலுக்கு ஒரு முடிச்சு. எங்க அம்மா வீட்டுப் பக்கம் வலைக்குப் போடுகிற முடிச்சு அது. ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி அவிழாது. உள்ளே போனது வெளியே வராது. மூன்று பலகைக்கு இரண்டு சுற்றுத் தைத்தேன். நீ பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "சுறா மாட்னாக்கூட பிச்சிக்காதும்மா" என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர் முழுக்கச் சொன்னேன்.

உன்னுடையதைக் கடைசியில் எடுத்தேன். உனக்கு என்பதால் இன்னும் ஒரு சுற்று

இதற்கு மேல் இன்றைக்கு வேண்டாம்.

மார்ச் 25, செவ்வாய்

ஸ்க்ரூ எல்லாம் கழற்றித் துரு தேய்த்தேன். இரண்டு பலகையில் ஓட்டை பெரிசாகி ஸ்க்ரூ ஆடுகிறது. தீக்குச்சியைப் பசையில் தோய்த்து ஓட்டையில் அடைத்துக் காயவிட்டேன். நாளைக்கு முறுக்கணும்.

உங்கப்பா புதுக் கத்தி வாங்கியிருக்கிறார். பழசு எங்கே என்று கேட்டேன். "கடல்ல வுழுந்துடுச்சு" என்றார். பதினெட்டு வருஷமாக இடுப்பை விட்டு இறங்காத கத்தி, எப்படி விழும்? கேட்டேன். பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 28, வெள்ளி

பெர்னார்ட் சார் இப்போது போட் ஓட்டுவதில்லை, தெரியுமா? உனக்குப் பதினாலு வயசிலிருந்து கற்றுக்கொடுத்த மனுஷன். கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயால் சொல்கிறார். வேறொருவர் ஓட்டுகிறார். தாடி வெள்ளையாக வளர்ந்துகிடக்கிறது.

டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"கஸ்தூரிம்மா, அன்னிக்கு நான் போட்ட அவ்ளோ வேகமா திருப்பியிருக்கக் கூடாது. மணல் திட்டு கிட்ட தண்ணி கம்மின்னு எனக்குத் தெரியும். 'இன்னும் ஒரு ரவுண்டு சார்'னா. சரின்னேன். கயிறு தளர்ந்து மறுபடி இழுத்துச்சு. அவ விழுந்தா. நான் திருப்பினதுலதான் விழுந்தா."

"விழறது தெனம் விழறதுதானே சார்" என்றேன்.

"தெனம் விழுந்தா கால் பலகைலருந்து வந்துடும்மா. அன்னிக்கு வரலையே. பலகையும் காலும் சேந்தே முறுக்கிடுச்சு. அவ்ளோ வேகத்துல விழ வெச்சுட்டேன்."

சார் அழுதார். நான் டீ ஆறுது சார், குடிங்க என்றேன். அதைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஏப்ரல் 2, புதன்

சாதனா என்று ஒரு பெண். பதினாறு வயசு. உன் வீடியோ எல்லாம் பார்த்திருக்கிறாளாம். இரண்டு பலகையில் நன்றாகப் போகிறாள். இனி ஒற்றைப் பலகை பழகணுமாம், மே மாசம் போட்டி இருக்கிறதாம். ஷெட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, மோனிஷா அக்காவோட அம்மா நீங்கதானா?" என்றாள். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கை, ஈரக் கை. பிடித்த இடம் வெகுநேரம் சில்லென்று இருந்தது.

பின்னாலேயே சார் வந்தார். "அந்தப் பச்ச பலகைய எடுத்து வைங்கம்மா. இவ சைஸுக்குச் சரியா இருக்கும். நீங்க தச்சது. இன்னும் ரெண்டு சீசன் தாங்கும்" என்றார்.

"அது இன்னும் ரெடியாவல சார்."

"அதுக்கென்ன? நல்லாத்தானே இருக்கு."

"ஒட்டு வுட்டிருக்கு. பிரிச்சுத் தைக்கணும்" என்றேன். பொய். ஒட்டு எங்கேயும் விடவில்லை.

மூன்று பலகைகளையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தேன். ஏன் பிரிக்கிறேன் என்று கேட்காதே. தையல் அழகாக வரவில்லை, அதனால்தான்.

ஏப்ரல் 3

என் முடிச்சை என்னாலேயே பிரிக்க முடியவில்லை. பிளேடு இரண்டு உடைந்தது. ஆள்காட்டி விரலில் வெட்டு.

ஏப்ரல் 7, திங்கள்

கிளப் லீவு. நான் மட்டும் ஷெட்டில் இருந்தேன். மஞ்சள் பலகையும் நீலப் பலகையும் பிரித்து முடித்தாகிவிட்டது. பச்சை மட்டும் மீதி.

என்னவோ தோன்றியது. பச்சைப் பலகையைத் தரையில் போட்டு, சோப்புத் தண்ணி ஊற்றி, என் வலது காலை உள்ளே விட்டேன். உனக்கும் எனக்கும் ஒரே அளவுக் கால்தானே. என் செருப்பைத்தானே போட்டுக்கொண்டு ஓடுவாய். உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போனது. குதிகால் உட்கார்ந்ததும் நூல் வந்து கணுக்காலைக் கவ்விக்கொண்டது.

இழுத்தேன். வரவில்லை. பக்கவாட்டில் முறுக்கினேன். வரவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, விழுகிற மாதிரி சாய்ந்து பார்த்தேன். பலகையும் காலும் சேர்ந்தே சாய்ந்தன. முட்டியில் அடி. அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கத்தவில்லை.

கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்க ஜுபைதா வந்திருக்கிறாள். கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தவள், "யா அல்லா! இந்த வயசுல தண்ணில வுளையாடக் கெளம்பிட்டியாக்கா? சொல்லியிருந்தா நானும் புர்காவக் கட்டிக்கினு வந்திருப்பேனே" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

சோப்புத் தண்ணி இன்னும் ஊற்றினாள். ஸ்பூன் காம்பை உள்ளே விட்டு நெம்பினாள். கால் வெளியே வர கால்மணி நேரம் ஆச்சு. தோல் உரிந்துபோனது.

"இது இன்னாக்கா இப்புடிப் புடிக்குது? பசங்க இதப் போட்டுக்கினா தண்ணில வுழறாங்க?" என்றாள்.

"எனக்குக் கால் வீங்கியிருக்குடி" என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 8

எனக்குக் கால் வீக்கம்தான். உப்பு ஜாஸ்தி சாப்பிடுகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. வாசலில் கோலம் போடவில்லை. பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தார்கள். வாங்கிவைத்து மூடிவிட்டேன்.

உங்கப்பா கடலுக்குப் போகவில்லை. என் காலில் இருந்த காயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புண்ணுக்குப் பொருக்குக் கட்டியிருக்கிறது, கணுக்காலைச் சுற்றி, கொலுசு போட்ட மாதிரி.

"எங்க பட்டுச்சு?"

"ஷெட்டுல."

"அந்த ரப்பரா?"

நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். அப்புறம் பீடியைத் தரையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நான்தான் அறுத்தேன், கஸ்தூரி. அன்னிக்குத் திட்டு கிட்டதான் வல போட்டினு இருந்தேன். சத்தம் கேட்டு வந்தேன். புள்ள கால் பலகையோடயே கெடக்குது. பெர்னாட்டு கையால இழுக்கறான், வரல. கத்தியால குதிகால்ல வெச்சு அறுத்தேன். மூணு இழுப்பு இழுத்தேன். அப்பதான் வந்துச்சு."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நூலப் பாத்ததுமே எனக்குத் தெரியும், யார் கை முடிச்சுன்னு. இருவத்தஞ்சு வருசமா என் வல அந்த முடிச்சுலதானே கீது."

அந்தக் கத்தி விழவில்லை. அவரே தூக்கிக் கடலில் போட்டிருக்கிறார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் மூடிவைத்த பாயசத்தை எடுத்து நாய்க்கு ஊற்றினார்.

ஏப்ரல் 16

சாரிடம் சொல்லிவிட நாற்காலி வரைக்கும் போனேன். "என்னம்மா?" என்றார். "சோப்புத் தீந்துபோச்சு சார்" என்றேன்.

ஏப்ரல் 17

இன்றைக்கும் போனேன். சார் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனை வைப்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

பச்சைப் பலகையில் இன்னும் ஒரு சுற்று அப்படியே இருக்கிறது. விரல் புண்ணால் நூலைப் பிடிக்க முடியவில்லை. நாளைக்குப் பெரிய வெள்ளி, லீவு. சனிக்கிழமை காலையில் போனதும் முதல் வேலை அதுதான்.

ஏப்ரல் 19, சனி

எழுத்துக் கோணலாக வருகிறது.

காலையில் தண்ணி லாரி வழியில் நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோ திரும்பிப் பாலத்தைச் சுற்றி வந்தது. கிளப்புக்குப் போகும்போது மணி எட்டு. ஷெட் கதவு திறந்திருந்தது. பச்சைப் பலகை இல்லை.

கரைக்கு ஓடினேன். சாதனா இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்திருந்தாள். கயிற்றுப் பிடி கையில் இருக்கிறது. பலகை முனை தண்ணிக்கு வெளியே பச்சையாகத் தெரிகிறது. போட் முக்கிக்கொண்டு நிற்கிறது. கயிறு நீண்டுகொண்டே போகிறது.

சேலையோடு இறங்கிவிட்டேன். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினேன். போட் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சேறு காலை இழுத்தது. பலகை முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டாள். கயிறு மட்டும் போட்டோடு போனது.

"ஆன்ட்டி, என்னாச்சு ஆன்ட்டி?"

"கால எடு பாப்பா. கால எடு."

"வரல ஆன்ட்டி. டைட்டா இருக்கு. போகப்போக சரியாயிடும்னு நெனச்சேன்."

பெர்னார்ட் சார் பேன்ட்டோடு தண்ணியில் வந்துகொண்டிருந்தார். கோபமாக வந்தார். "கஸ்தூரிம்மா, என்ன பண்றீங்க? ஸ்டார்ட்ல இருக்கிற பொண்ண இப்டியா பிடிப்பாங்க?"

"அது கழலாது சார்" என்றேன். "நான் தச்சது கழலாது. என் பொண்ணுக்கும் கழலல. நீங்க போட்டத் திருப்பினது இல்ல சார். என் தையல்."

போட்டை நிறுத்திவிட்டார்கள். சார் குனிந்து தண்ணிக்குள் கையை விட்டு ரப்பர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். விரலால் இழுத்துப் பார்த்தார். ரப்பர் நீளவில்லை. நூல் நீளுமா?

இரண்டு பேராகச் சேர்ந்துதான் அந்தப் பெண்ணின் காலை எடுத்தோம்.

அப்புறம் சார் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "எப்பலேந்து தெரியும்?"

சாக்கைப் பிரிக்காமலே வைத்திருந்தேனே, அன்றைக்கே தெரியும் என்று சொல்வதா? காலை விட்டுப் பார்த்த அன்றைக்கு என்று சொல்வதா?

"ரெண்டு மாசமா நான் படுத்தாக் கண்ண மூடறதில்லம்மா" என்றார். "டெய்லி டீ கொண்டாந்து குடுத்தீங்களே."

ஈர பேன்ட்டோடு நடந்து போய்விட்டார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமையும் இன்றும் வேலைக்குப் போகவில்லை. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் சார் வீட்டுக்கே வந்தார். தாடியை எடுத்திருந்தார். கக்கத்தில் உன் பலகை, சாக்கோடு. தகரத்துக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்திருக்கிறார். உங்கப்பா எழுந்து நின்று பாயைத் தட்டிப் போட்டார். சார் உட்காரவில்லை.

"நீங்க இதப் பாக்கணும்மா. நானும் பாக்கணும். தனியாப் பாக்க என்னால முடியல" என்றார்.

சாக்கைப் பிரித்தோம். குதிகாலில் உங்கப்பா அறுத்த வெட்டு நேராக இருந்தது. ரப்பர் பிளந்து கிடந்தது. வெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என் தையல் மூன்று சுற்று. ஒன்றொன்றாக விரலால் தொட்டு எண்ணினேன். கத்தி பட்ட இடம் தவிர ஒன்றுகூட விடவில்லை. உன் எலும்பு முறிந்திருக்கிறது, என் நூல் முறியவில்லை.

சார் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. விளிம்பு நீளணும். கிழிசல் பெரிசாகாமல் இருக்க அதன் முனையில் சின்ன வட்ட ஓட்டை போட்டால் போதும், சுற்றித் தைக்கக் கூடாது. உள்பக்கம் நீளுகிற மெல்லிசுத் துணி ஒட்டலாம். ஒட்டினதும் ஈரக் காலை விட்டு முறுக்கிப் பார்க்கணும். முறுக்கினால் வெளியே வரணும். வரவில்லை என்றால் அது எவ்வளவு நாள் உழைத்தாலும் குப்பைதான். "கிழிஞ்சாலும் பரவால்ல, கால விடணும்மா" என்றார். "இத நான் அன்னிக்கே செக் பண்ணியிருக்கணும். நல்லாத் தச்சிருக்கீங்களேன்னு பாத்துட்டு விட்டுட்டேன்."

எங்கள் பிழைப்பில் இப்படி ஒரு சாமான் கிடையாது, நண்டு. வலை என்றால் பிடிக்கணும். கயிறு என்றால் தாங்கணும். விடுவதற்கென்று ஒன்றை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இதைச் சாரிடம் சொல்ல வந்தேன். சொல்லவில்லை. சொன்னால் அது சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

போகும்போது வாசலில் நின்று, "கொஞ்ச நாள் ஷெட்டுக்கு வராதீங்கம்மா. உங்கள மன்னிக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா தெனம் பாக்க முடியாது" என்றார். சரி சார் என்றேன்.

ஏப்ரல் 24

உங்கப்பா வலையில் என் முடிச்சு இருந்த இடம் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஜுபைதா வந்தாள். மீன் குழம்பு கொண்டுவந்தாள். மீன்கார வீட்டுக்கு மீன் குழம்பா என்றேன். "நீ ஆக்கினா தானே" என்றாள். சாதனா ஒற்றைப் பலகையில் போகிறாளாம், புது ரப்பர் வந்துவிட்டதாம், விழுந்தால் கால் டக்கென்று வருகிறதாம். சார் மறுபடி போட் ஓட்டுகிறாராம், மெதுவாக. அதைக் கேட்டு மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அந்தப் பெண்ணின் கால் வருகிறது என்றதும் எனக்கு ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஜுபைதா என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வெங்காய வாசனை.

மே 2, வெள்ளி

நண்டு, பக்கம் தீர்ந்துவிட்டது.

இரண்டு நாளாகவே தெரியும். நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவள். உன் எழுத்தின் தடம் அடுத்த பக்கத்தில் குழி குழியாக விழுந்திருக்கிறது. என் பேனா அந்தக் குழியில் தடுக்கித் தடுக்கிப் போகிறது. எதிர்ப்பக்கம் உன்னுடையது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. பார்க்கக் கூடாது என்றுதான் கையால் மறைத்து எழுதினேன். இப்போது மறைக்க இடம் இல்லை. நோட்டைத் திருப்பிப் படித்துவிட்டேன். ஒரே ஒரு பக்கம். கடைசிப் பக்கம்.

"பிப் 7. காத்து கம்மி. 6 ரவுண்ட், 4 தடவ விழுந்தேன். 2 தடவ வலது கால் வரவே இல்ல. குதிகால் ரொம்ப டைட். சோப்பு ஊத்தியும் அப்டிதான். சார்கிட்ட சொன்னா கட் பண்ணிடுவாரு. அம்மா பாவம். எவ்ளோ ஆசையா தச்சிச்சு, ஊரெல்லாம் சொல்லினு இருக்கு. சண்டே ரன் முடியட்டும். அப்பறம் அம்மாகிட்டயே மெதுவா சொல்லி ஒரு சுத்து மட்டும் பிரிக்க சொல்லணும்."

ஒரு சுற்று. அந்த மூணாவது சுற்று.

ஞாயிற்றுக்கிழமைதான் நீ விழுந்தாய். புதன்கிழமை விடியக்காலை உனக்கு மூச்சு வாங்கியது. எலும்பு உடைந்த இடத்திலிருந்து கொழுப்பு ரத்தத்தோடு போய் நெஞ்சை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். எப்பவாவது யாருக்காவது இப்படி ஆகுமாம். அதுவரைக்கும் நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தாய். இட்லி கேட்டாய். தலை பின்னிவிடச் சொன்னாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, "நல்லவேள ரப்பரு கெட்டியா இருந்துச்சு, இல்லன்னா பலகை பிச்சுக்கினு மண்டையில அடிச்சிருக்கும்" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். அப்புறம் என் கையைப் பிடித்து, பலகையை யாருக்கும் கொடுக்காதே என்றாய். ஆசைப்பட்ட சாமான், அதனால் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

எல்லாம் தெரிந்துதான் படுத்திருந்தாய்.

இன்னும் இரண்டு வரிக்குத்தான் இடம். அந்த மூணு நாளும் நான் அப்படிப் பெருமை பேசும்போதெல்லாம் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாயே, என்னடி நெனச்சிட்டிருந்த?